36 ஸ்ட்ரைக்கும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமும்: லா ஹாப்ரா 900 பற்றிய நிகழ்வு ஆய்வு

1982 ஜூலை 1. கலிஃபோர்னியாவில் லா ஹாப்ரா என்ற ஊரில் உள்ள லா ஹாப்ரா 300 பௌல் என்ற பௌலிங் மையம். பந்தை உருட்டிவிட்டு, மறுமுனையில் நிற்கும் புட்டி வடிவப் பின்கள் பத்தையும் வீழ்த்தும் விளையாட்டு பௌலிங். வழக்கமான லீக் ஆட்டம். ஒரு காலத்தில் தொழில்முறைச் சுற்றில் பேர் எடுத்த கிளென் ஆலிசன் அன்று மூன்று ஆட்டம் ஆடினார். ஓர் ஆட்டத்துக்கு 12 ஸ்ட்ரைக் வீதம் மொத்தம் 36 ஸ்ட்ரைக் (முதல் வீச்சிலேயே பத்துப் பின்களும் விழுவது ஸ்ட்ரைக்), ஒன்றுகூடத் தவறவில்லை. 300, 300, 300. கூட்டினால் 900. மூன்று ஆட்டத் தொடரில் அதற்கு மேல் ஒரு புள்ளிகூட எடுக்க வழியில்லை.

அந்தக் காலத்தில் இப்படி உயர்ந்த ஸ்கோர் வந்தால், ஆடிய லேனை, அதாவது பந்து உருளும் நீண்ட தளத்தை, பரிசோதித்த பிறகுதான் இந்த விளையாட்டின் ஆட்சி அமைப்பான அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் அதைப் பதிவேட்டில் ஏற்றும். பரிசோதனை நடந்தது. லேனில் பூசிய எண்ணெய் பரவியிருந்த விதம் விதிக்கு உட்பட்டதாக இல்லை என்று சொல்லி 900-க்கு அங்கீகாரம் மறுக்கப்பட்டது. ஆலிசன் முறையிட்டுப் பார்த்தார், முடிவு மாறவில்லை.

எண்ணெய் பூசியவர் ஒருவர், இழந்தவர் இன்னொருவர். பந்தைத் தேர்ந்தெடுப்பதும் வீசுவதும் ஆட்டக்காரர் கையில் இருக்கின்றன. லேனின் எந்தப் பலகையில் எவ்வளவு எண்ணெய் என்பது அவர் கையில் இல்லை. அதைத் தீர்மானிப்பவர் காலையில் கதவு திறக்கும் முன் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு போகும் பராமரிப்பாளர். லா ஹாப்ராவைப் பராமரிப்பாளரின் பக்கம் நின்று பார்க்க வேண்டிய காரணம் இதுதான். லேன் எதனால் ஆனது, எண்ணெய் ஏன் வந்தது, அது எங்கே தடம் மாறுகிறது, எதை அளந்து வைத்திருந்தால் ஒரு ஸ்கோர் நிலைக்கும் என்று வரிசையாகப் பார்த்துவிடலாம்.

லேனின் உடம்பு

வீசுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின்னின் நடுப்புள்ளி வரை 60 அடி. அங்கிருந்து பின்கள் நிற்கும் பின் டெக்கையும் தாண்டிக் குழி தொடங்கும் இடம் வரை சேர்த்தால் சுமார் 62 அடி 10 அங்குலம். அகலம் 41½ அங்குலம். அரை அங்குலம் கூடவோ குறையவோ இருக்கலாம். ஓடி வந்து வீசும் அப்ரோச் குறைந்தது 15 அடி. லேனின் இரு பக்கமும் 9¼ அங்குல அகலத்தில் கட்டர் என்ற பள்ளம். பத்துப் பின்களும் 36 அங்குலப் பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தில், அடுத்தடுத்த பின்களின் நடுவுக்கு நடு 12 அங்குலம் இருக்கும்படி நிற்கும்.

அகலத்தில் 39 பலகைகள். பழைய மர லேனில் அவை நிஜப் பலகைகள். செங்குத்தாக நிறுத்தி, ஒன்றோடொன்று ஆணி அடித்துச் சேர்த்தவை. இன்றைய செயற்கை லேனில் அவை அச்சிட்ட கோடுகள் மட்டுமே. ஆனாலும் ஆட்டக்காரரும் பராமரிப்பாளரும் பேசும் மொழி பலகை எண்தான். 41½-ஐ 39-ஆல் வகுத்தால் ஒரு பலகை 1.06 அங்குலம், அதாவது 2.7 செ.மீ. வலக்கை ஆட்டக்காரருக்கு வலது கட்டரை ஒட்டியது முதல் பலகை. நடுவில் இருப்பது 20-ஆவது. 5, 10, 15 என்று ஐந்து ஐந்தாக 35 வரை ஏழு அம்புக்குறிகள் ஃபவுல் கோட்டுக்கு அப்பால் சுமார் 12 முதல் 16 அடிக்குள் பதிக்கப்பட்டிருக்கும்.

மர லேன் முழுக்க ஒரே மரம் இல்லை. பந்து விழுந்து அடிபடும் முன்பகுதிக்கும், பின்கள் மோதும் பின் டெக்குக்கும் கடினமான மேப்பிள். பந்து உருண்டு மட்டும் போகும் நடுப்பகுதிக்கு மென்மையான பைன். இரண்டும் கோக்கும் இடம் அம்புக்குறிகளை ஒட்டி வரும். பைனில் உராய்வின் குணம் வேறு. பழைய கைகள் இந்த மாற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் வீசின. மரத்தின் மேல் ஷெல்லாக், பிறகு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், அதன் பிறகு யூரிதேன் என்று பூச்சுகள் வந்தன. லாக்கர் எளிதில் தீப்பற்றும். அது வழக்கொழிந்ததற்குப் பெரிய காரணம் அந்த அபாயம்.

மர லேனுக்கு ஆயுள் வரம்பு உண்டு. தேய்ந்த பூச்சைச் சுரண்டி மறுபூச்சு போடுவது அடிக்கடி வரும் வேலை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தையே இழைத்துச் சமதளமாக்க வேண்டும். ஒவ்வொரு இழைப்பிலும் மேல்பரப்பு கொஞ்சம் இறங்கும். ஒரு நாள் இழைப்பான் ஆணித்தலையைத் தொட்டுவிடும். அதோடு அந்த மரத்தின் கதை முடிந்தது. அப்போது செய்வது, பழைய மரத்தையே அடித்தளமாக வைத்து அதன் மேல் செயற்கைப் பேனல்களைத் திருகி இறக்குவது. ஃபீனாலிக் பிசினில் தோய்த்த காகித அடுக்குகளை உயர் அழுத்தத்தில் இறுக்கி, மேலே மெலமைன் தோல் போட்டு வரும் பேனல் இது. 1970களின் பிற்பகுதியில் தொடங்கி, இன்று புதிதாக அமைக்கும் லேன்களில் பெரும்பாலும் இதைத்தான் காண்கிறோம்.

பேனல் வந்ததால் பராமரிப்பு குறைந்துவிட்டது என்று நினைப்பது தவறு; அதன் வகை மாறியது, அவ்வளவுதான். இழைக்கும் வேலை போய்விட்டது. பதிலாக மூன்று தொல்லைகள் வந்து சேர்ந்தன. முதலாவது, பேனலும் பேனலும் சேரும் இடத்தில் ஒன்று நகக்கண் அளவு தூக்கி நிற்பது. இரண்டாவது, திருகு தளர்ந்து, பந்து போகும்போது அடியில் வெற்றொலி கேட்பது. மூன்றாவது, பந்தைத் தூக்கி எறிபவர்களால் முன்பகுதியில் மேல்தோல் வெடித்து அடுக்கு பிரிவது. முதல் இரண்டையும் விரலாலும் காதாலும் கண்டுபிடிக்கலாம். இணைப்பின் குறுக்கே விரல்நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் பந்தும் அங்கே தட்டும்.

மட்டம்தான் லேன் உடம்பில் அதிகம் கவனிக்கப்பட வேண்டிய விஷயம். குறுக்குவாட்டுச் சாய்வு, மேடு, பள்ளம் எதுவும் 0.040 அங்குலத்தை, அதாவது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்? எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். 105 செ.மீ. அகலத்தில் 1 மி.மீ. சாய்வு என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. மணிக்கு 29 கி.மீ. வேகத்தில் போகும் பந்து 40 அடி எண்ணெயைக் கடக்கச் சுமார் 1.5 விநாடி எடுக்கும். வழுக்கிக்கொண்டு போகும் அந்த 1.5 விநாடியில் அந்தச் சாய்வு பந்தைப் பக்கவாட்டில் ஏறக்குறைய 1 செ.மீ. தள்ளும். அரைப் பலகைக்குச் சற்றுக் குறைவு. விதிக்கு உட்பட்ட சாய்வே இவ்வளவு செய்கிறது. பக்கத்து லேன் எதிர்ப்பக்கம் அதே அளவு சாய்ந்திருந்தால், இரண்டுக்கும் இடையே முக்கால் பலகை வித்தியாசம் வந்துவிடும். லீக் ஆட்டத்தில் இரண்டு லேன்களிலும் மாறி மாறி ஆடுகிறார்கள். "எண்ணெய் ஒன்றுதான், ஆனால் இடது லேன் வேறு மாதிரிப் போகிறது" என்ற புகார் வரும்போது எண்ணெய் இயந்திரத்தைத் திறப்பதற்கு முன் மட்டக்கட்டையை எடுங்கள். டயல் கேஜ் பொருத்திய நீள மட்டக்கட்டையைக் குறுக்கே வைத்து, ஃபவுல் கோட்டிலிருந்து பின் டெக் வரை சீரான இடைவெளியில் அளந்து எழுத வேண்டும். இறங்கிய இடத்தில் அடிச்சட்டத்துக்குக் கீழே தகடு கொடுத்துத் தூக்க வேண்டும்.

பின் டெக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒவ்வொரு பின்னும் சுமார் ஒன்றரைக் கிலோ எடை கொண்டது. ஒரே புள்ளியில் ஆயிரக்கணக்கான முறை இறங்கினால் பரப்பில் குழி விழும். குழியில் நிற்கும் பின் சற்றே சாயும், அல்லது இடம் விலகும். பந்து சரியாக வந்தும் மூலைப் பின் நிற்கிறது என்றால், அது பல நேரம் பின் டெக்கின் பிழை. கட்டர்களைத் துடைப்பதும், பக்கச் சுவர்த் தகடுகளின் திருகுகளை இறுக்குவதும், குழியின் மெத்தையும் திரையும் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் வாராந்திர வேலை. இவற்றில் சூட்சுமம் ஒன்றுமில்லை, விட்டுவிட்டால்தான் வினை.

எண்ணெய் ஏன் வந்தது, எப்படித் தீர்ப்பு சொல்லத் தொடங்கியது

எண்ணெய் முதலில் மரப்பூச்சைக் காக்கத்தான் வந்தது. கையை விட்டு இறங்கும் பந்து உருளாமல் வழுக்கித்தான் போகும். அந்தத் தேய்ப்பில் முன்பகுதிப் பூச்சு கருகித் தேய்ந்துவிடும். மெல்லிய எண்ணெய் தடவினால் பூச்சு நீடிக்கும். காக்க வந்த அந்தப் படலம் காலப்போக்கில் ஆட்டத்தையே ஆளத் தொடங்கியது.

எண்ணெய் உள்ள இடத்தில் பந்துக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழு சுமார் 0.04. காய்ந்த இடத்தில் சுமார் 0.2. ஐந்து மடங்கு. பக்கச் சுழலோடு வீசிய பந்து எண்ணெயில் நேராக வழுக்கிப் போகும். காய்ந்த பரப்பைத் தொட்டதும் சுழல் பிடிமானம் பெற்று உள்ளே வளையும். பிறகு நேராக உருண்டு பின்களுக்குள் புகும். முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே, பாக்கெட் என்ற இடத்தில், 17½-ஆவது பலகையில், 6 பாகைக் கோணத்தில் புகுந்தால் ஸ்ட்ரைக்குக்கான வாய்ப்பு மிக அதிகம். நேராக வீசினால் இந்தக் கோணம் கிடைக்காது. 41½ அங்குல அகலம் அதற்குப் போதாது. வளைவு வேண்டும், வளைவுக்குக் காய்ந்த இடம் வேண்டும். அந்தக் காய்ந்த இடம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வயலில் வாய்க்கால் வெட்டி இரு பக்கமும் வரப்பு கட்டினால் தண்ணீர் தானாக மடைக்குப் போகும். லேனிலும் அதைச் செய்யலாம். நடுப் பலகைகளில் எண்ணெயைக் குவித்து, ஓரப் பலகைகளைக் காயவிட்டால் போதும். குறி தவறி வெளியே போன பந்து காய்ந்த இடத்தைத் தொட்டு அதிகம் வளைந்து பாக்கெட்டுக்குத் திரும்பும். குறி தவறி உள்ளே போன பந்து எண்ணெயில் வழுக்கி, வளையாமல் அதே பாக்கெட்டுக்கு வரும். ஒரே ஒரு பலகையைக் குறிவைக்க வேண்டிய ஆட்டம் நாலைந்து பலகை அகலத்துக்குப் பிழை பொறுக்கும் ஆட்டமாகிவிடும். லேனை "பிளாக்" செய்வது என்று அமெரிக்காவில் சொன்னது இதைத்தான். அதிக ஸ்கோர் வந்தால் வாடிக்கையாளர் மகிழ்வார், திரும்ப வருவார். ஆகவே மையங்களுக்கு இதில் ஆசை இருந்தது. ஸ்கோர் நாடு முழுக்க ஒரே பொருள் தர வேண்டும் என்பதால் காங்கிரஸுக்கு இதைத் தடுக்கும் பொறுப்பு இருந்தது. இரண்டுக்கும் நடுவில்தான் லா ஹாப்ராவின் 900 சிக்கிக்கொண்டது.

ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். சாதகமான லேனிலும் தொடர்ந்து 36 ஸ்ட்ரைக் போடுவது மனிதக் கைக்குக் கிட்டத்தட்ட எட்டாத காரியம். அதே லேனில் அன்றாடம் ஆடிய மற்றவர்கள் யாரும் 900 எடுக்கவில்லை. மறுப்பு அவர் கையைப் பற்றிய தீர்ப்பு ஆகாது; தரையைப் பற்றிய தீர்ப்பு. அந்த வித்தியாசம் மங்கிப்போனதுதான் இந்த நிகழ்வின் வேதனை.

எவ்வளவு மெல்லியது

இன்று மையங்கள் அன்றாட ஆட்டத்துக்குப் போடும் ஒரு சாதாரண ஹவுஸ் பேட்டர்னுக்கு (எண்ணெய்ப் பூச்சு அமைப்புக்கு) 20 முதல் 28 மில்லிலிட்டர் எண்ணெய் போகும். 25 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து தேக்கரண்டி. அதை 40 அடி நீளம், 41½ அங்குல அகலத்தில் பரப்ப வேண்டும். 138 சதுர அடி. ஒரு சதுர அடியில் 0.0167 மி.லி. சமமாகப் பரவினால் அது ஒரு "யூனிட்". அதன் தடிமன் 0.18 மைக்ரோமீட்டர்தான். 25 மி.லி. எண்ணெய் சராசரியாக 10.8 யூனிட் வரும், தடிமன் இரண்டு மைக்ரோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.

1990களில் வந்த விதி இதை எண்ணில் கட்டியது. எண்ணெய் போடும் தூரம் முழுக்க, கட்டரிலிருந்து கட்டர் வரை குறைந்தது 3 யூனிட் இருக்க வேண்டும். நடுவில் எவ்வளவு குவித்தாலும் சரி, ஓரத்தைக் கட்டாந்தரையாக விடக் கூடாது. 3 யூனிட் என்பது அரை மைக்ரோமீட்டரைச் சற்றே தாண்டும் படலம். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் பிசுக்கு மட்டும் தெரியும். ஒரு ஸ்கோரின் நிலை இதில் தொங்குகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இயந்திரத்துக்குப் போகலாம்.

இயந்திரம் ஓடும் முறை

இன்றைய லேன் இயந்திரம் ஒரே ஓட்டத்தில் இரண்டு வேலை செய்கிறது. முன்னால் சுத்தம்: கிளீனரைத் தெளித்து, துணிச் சுருளால் துடைத்து, ரப்பர் பட்டையால் வழித்து, உறிஞ்சி எடுக்கிறது. பின்னால் எண்ணெய்: பம்பு அளந்து தரும் எண்ணெயை ஒரு முனை இடமும் வலமும் நகர்ந்து வைக்கிறது, சுழலும் தூரிகை அதைப் பரப்புகிறது. பின் டெக் வரை போகும்போது ஒரு பங்கு, திரும்பி வரும்போது மறுபங்கு.

பேட்டர்ன் எழுதும் முறையும் பலகை மொழிதான். 2L–2R என்றால் இடப்பக்கம் இரண்டாம் பலகையிலிருந்து வலப்பக்கம் இரண்டாம் பலகை வரை, அதாவது 37 பலகைகள். 10L–10R என்றால் 21 பலகைகள். ஒரு முறை குறுக்கே போவது ஒரு "லோடு". ஒரு பலகைக்கு 50 மைக்ரோலிட்டர் என்று பம்பை அமைத்திருப்பதாகக் கொண்டு, ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம்.

போகும்போது: 2L–2R மூன்று லோடு, 8L–8R மூன்று, 10L–10R நான்கு, 12L–12R மூன்று. கூட்டினால் 111 + 75 + 84 + 51 = 321 பலகைகள்; 16.05 மி.லி. திரும்பும்போது: 12L–12R நான்கு, 10L–10R மூன்று, 2L–2R ஒன்று. 68 + 63 + 37 = 168 பலகைகள்; 8.4 மி.லி. மொத்தம் 24.45 மி.லி.

இப்போது ஓரத்தில் மூன்றாம் பலகையை மட்டும் பாருங்கள். அதன் மேல் விழுந்தது நான்கே லோடு, 200 மைக்ரோலிட்டர். நடுவில் 20-ஆவது பலகைக்கு 21 லோடு, 1,050 மைக்ரோலிட்டர். ஐந்துக்கு ஒன்று என்ற விகிதம். ஹவுஸ் பேட்டர்ன்களில் இதைவிடச் செங்குத்தான விகிதமும் சகஜம். கடினமான எண்ணெய் அமைப்பில் ஆடும் ஸ்போர்ட் வகைப் போட்டிகளில் நீண்ட காலம் எல்லையாக இருந்தது மூன்றுக்கு ஒன்று.

அந்த 200 மைக்ரோலிட்டர் 40 அடி நீளப் பலகை ஒன்றில் சமமாகப் பரவினால் 3.4 யூனிட் வரும். எல்லை 3. கையிருப்பு 0.4 யூனிட் மட்டுமே. பம்பு 50-க்குப் பதில் 44 மைக்ரோலிட்டர் தந்தால் ஓரம் 3-க்குக் கீழே இறங்கிவிடும். 12 சதவீதக் குறைவு. திரையில் பேட்டர்ன் பெயர் அதேதான், நீளம் அதேதான், லேன் கண்ணுக்குப் பளபளவென்றுதான் இருக்கும். நிஜத்தில் எண்ணெய் முன்பக்கம் கூடி, முடியும் இடத்தை நோக்கிக் குறைந்துகொண்டே போகும்; ஆகவே கடைசி சில அடிகளில் இந்தப் பற்றாக்குறை இன்னும் சீக்கிரம் வந்து சேரும். யாரும் லேனை "பிளாக்" செய்ய நினைக்காமலே லேன் அப்படி ஆகிவிடும் வழி இது. திருட்டுத்தனத்தைவிட இந்த அசட்டையால்தான் லேன்கள் அதிகம் கெடுகின்றன.

எங்கெங்கே பிழைக்கிறது

பம்பு அளவு குறைய முதல் காரணம் எண்ணெயின் பிசுபிசுப்பு. குளிர்ந்த அறையில் எண்ணெய் தடித்துவிடும். வேறு பிராண்டு எண்ணெயை ஊற்றினாலும் அளவு மாறும். ஆகவே எண்ணெய் மாற்றிய நாளிலும் பருவம் மாறும்போதும் பம்பை அளந்து சரிபார்க்க வேண்டும். முனையை அளவுக் குடுவைக்குள் விட்டு, சோதனை ஓட்டம் கொடுத்து, வந்த மி.லி.யைப் படியுங்கள். இரண்டாவது காரணம் குழாயில் காற்றுக் குமிழி. எண்ணெய்த் தொட்டி அடிவரை காலியாக விட்டு நிரப்பினால் குமிழி நிச்சயம் வரும். மூன்றாவது வடிகட்டியில் அடைப்பு.

அளவு சரியாக இருந்தும் இடம் தவறலாம். இயந்திரத்தின் பக்கச் சக்கரங்கள் தேய்ந்தால் அது லேனின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்கி ஓடும். அரைப் பலகை ஒதுங்கினாலே ஒரு ஓரத்தில் எண்ணெய் கட்டருக்குள் வழியும், மறு ஓரம் காயும். வலக்கைக்காரருக்கு ஒரு லேன், இடக்கைக்காரருக்கு வேறு லேன். ஒரு பக்கத்து ஆட்டக்காரர்கள் மட்டும் முணுமுணுத்தால் முதலில் சக்கரத்தைப் பாருங்கள்.

தூரிகை தேய்ந்தால் எண்ணெய் கோடு கோடாக நிற்கும். விளக்கொளியைச் சாய்வாக அடித்து, ஃபவுல் கோட்டருகே குனிந்து பார்த்தால் அந்த வரிகள் தெரியும். தூரிகை லேனை அழுத்தும் ஆழம் மாறினாலும் இதே அடையாளம்தான். தூரிகையில் சேரும் அழுக்கெண்ணெய் தனிப் பிரச்சினை. அது பேட்டர்ன் முடிந்த பிறகும் சொட்டிக்கொண்டே போய், 40 அடியில் நிற்க வேண்டிய எண்ணெயை 42 அடி வரை இழுத்துவிடும்.

இரண்டு அடி பெரிய விஷயமா என்று தோன்றும். நீளத்திலிருந்து 31-ஐக் கழித்தால் பந்து வளையத் தொடங்க வேண்டிய பலகை கிடைக்கும் என்பது ஆட்டக்காரர்களின் வாய்க்கணக்கு. 40 அடி என்றால் 9-ஆவது பலகை, 42 என்றால் 11-ஆவது. 40-க்கு ஆடுபவர் 42-இல் முதல் பின்னுக்கே வந்து சேர மாட்டார்.

சுத்தம் சரியாக நடக்காவிட்டால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண். நேற்றைய எண்ணெய் மேல் இன்றைய எண்ணெய் விழுந்தால் அளவுக்குப் பொருளே இல்லை. ரப்பர் பட்டையின் முனை மழுங்கினால் பின் டெக்கில் ஈரக்கோடு தங்கும். உறிஞ்சும் குழாயில் துணிநூல் அடைத்தால் ஈரம் லேன் முழுக்க நிற்கும். மீட்புத் தொட்டி நிரம்பினாலும் அப்படியே. துணிச் சுருள் நகரவில்லை என்றால் ஒரே அழுக்கு 20 லேனுக்கும் பங்கிடப்படும். சோதிக்கும் வழி எளியது. எண்ணெயை நிறுத்திவிட்டு, சுத்தம் மட்டும் செய்யும் ஓட்டம் ஒன்று விடுங்கள். பிறகு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி முன்பகுதியிலும், 45 அடியிலும், பின் டெக்கிலும் அழுத்தித் தேயுங்கள். துணி வெள்ளையாகவும் உலர்வாகவும் வர வேண்டும். 45 அடியில் பிசுக்கு வந்தால், பந்துகள் இழுத்துக்கொண்டு போன எண்ணெய் இன்னும் அங்கே கிடக்கிறது என்று பொருள்.

எண்ணெய் போட்ட பிறகும் லேன் நிலையாக நிற்பதில்லை. பழைய பிளாஸ்டிக் பந்துகள் எண்ணெயை உறிஞ்சாமல் மேலேயே ஏந்திக்கொண்டு போய்க் காய்ந்த பகுதியில் தடவின. 1980களின் தொடக்கத்தில் யூரிதேன் பந்தும், 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பந்தும் வந்தன. ரெசின் பந்து எண்ணெயைக் குடிக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் தடத்திலிருந்து கொஞ்சம் கொண்டுபோகும். ஆகவே மாலை லீக் ஆடும் லேனுக்குக் காலையில் போட்ட எண்ணெய் செல்லாது. லீக் தொடங்கும் முன் புதிதாகச் சுத்தம் செய்து புதிதாகப் பூச வேண்டும். நடுவில் பொதுமக்களுக்கான திறந்த ஆட்டம் நடந்த லேனுக்கு இதில் விலக்கு கிடையாது.

அப்ரோச்சைப் பற்றி இரண்டு வார்த்தை. அங்கே எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வரக் கூடாது. வந்தால் வழுக்கி விழுவார்கள். இயந்திரத்தை லேனிலிருந்து தூக்கி அடுத்த லேனுக்கு மாற்றும்போது சக்கரத்தில் ஒட்டிய எண்ணெய் ஃபவுல் கோட்டுக்கு இந்தப் பக்கம் படியும். ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். உலர்ந்த மாப்பால் ஒரு நாளைக்குப் பல முறை தூசி தள்ளுங்கள். சிந்திய பானத்தை உடனே எடுங்கள். ஷூவில் பவுடர் போடுபவர்களைத் தடுங்கள். ஒருவருக்கு வழுக்க உதவும் பவுடர் அடுத்தவர் முழங்காலை முறிக்கும். அறையின் ஈரப்பதம் ஏறினால் அப்ரோச் ஒட்டும். சுமார் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்தால் அப்ரோச்சுக்கும் நல்லது. மர லேனாக இருந்தால் மரமும் உப்பிச் சுருங்காது.

அளந்து வைத்தல்

லா ஹாப்ராவில் முடிவெடுக்க வேண்டியிருந்தது ஆட்டம் முடிந்த பிறகு. 36 ஸ்ட்ரைக்கும் விழுந்து, பந்துகள் எண்ணெயைக் கலைத்த பிறகு ஒரு லேன் சொல்லும் சாட்சியம் அரைகுறையானது. ஆட்டத்துக்கு முன் எடுத்த அளவு கையில் இருந்தால்தான் பேச்சுக்கு அடித்தளம் கிடைக்கும்.

அளக்கும் முறை இது. எண்ணெயில் புற ஊதா ஒளியில் ஒளிரும் பொருள் கலந்திருக்கும். லேனின் முழு அகலத்துக்கும் ஒட்டும் பட்டை ஒன்றைக் குறுக்கே அழுத்தி எடுத்தால், எண்ணெய் அதில் ஒட்டிவரும். அந்தப் பட்டையைப் படிப்பானில் செலுத்தினால் 39 பலகைக்கும் யூனிட் எண்ணிக்கை வரைபடமாக வரும். முன்பகுதியில் ஒன்று, எண்ணெய் முடியும் இடத்துக்குச் சற்று முன்பு ஒன்று என்று குறைந்தது இரண்டு பட்டை வேண்டும். முன்பகுதிப் பட்டை பம்பையும் முனையையும் பற்றிச் சொல்லும்; கடைசிப் பட்டை தூரிகையைப் பற்றிச் சொல்லும்.

வரைபடத்தைப் படிக்கும்போது நடுவின் உயரத்தை விட்டுவிட்டு முதலில் இரு ஓரங்களையும் பாருங்கள். இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம் போல் ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் சக்கரம். இரு பக்கமும் சேர்ந்து தாழ்ந்தால் பம்பு. ஒரே ஒரு பலகையில் முள் போல் உயர்ந்தால் முனை சொட்டுகிறது. உயரமும் தாழ்வும் மாறி மாறி வந்தால் தூரிகை. நடு எப்படி இருக்கிறது என்பது இத்தனைக்கும் பிறகுதான்.

எல்லா லேனையும் தினமும் அளக்கப் பெரும்பாலான மையங்களுக்கு முடியாது, அது நியாயமும்கூட. வாரத்துக்கு ஒரு ஜோடி லேன் என்று சுழற்சி வைத்தால் போதும். ஆனால் போட்டி நாளில் ஆடப்போகும் லேனை ஆட்டத்துக்கு முன் அளந்தே ஆக வேண்டும்.

1997 பிப்ரவரி 2 அன்று நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் உள்ள சன் வேலி லேன்ஸில் ஜெரமி சோனன்ஃபெல்ட் என்ற கல்லூரி மாணவர் 900 எடுத்தார். காங்கிரஸ் அதை ஏற்றுக்கொண்டது. அங்கீகாரம் பெற்ற முதல் 900 அதுதான். லா ஹாப்ராவுக்கும் அதற்கும் இடையே 14 ஆண்டுகளுக்கு மேல். அதன் பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட 900கள் பதிவேட்டில் ஏறிவிட்டன. காங்கிரஸ் 2005-இல் மற்ற மூன்று அமைப்புகளோடு இணைந்து யுனைடெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ் ஆனது. மையங்களின் லேன்களை ஆண்டுதோறும் அளந்து சான்றளிக்கும் வழக்கம் தொடர்கிறது. ஆலிசனின் 900 அங்கீகாரம் இல்லாமலே இருக்கிறது. பௌலிங் ஆடுபவர்கள் அவரை "மிஸ்டர் 900" என்றே அழைத்தார்கள்.

பட்டையை எடுத்த பிறகு அதன் ஓரத்தில் ஐந்து விவரம் எழுதுங்கள்: தேதி, நேரம், லேன் எண், பேட்டர்ன் பெயர், ஃபவுல் கோட்டிலிருந்து தூரம். எடுத்தவர் கையொப்பம் போடட்டும். பென்சிலில் எழுதினால் எண்ணெயில் அழிந்துவிடும். அழியாத மை வேண்டும். பட்டையும் வரைபடமும் ஒரே உறையில், அந்த லீக் பருவம் முடியும் வரை.